விக்கிறவனா போய்க் கேளு தம்பி!

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்தில் ஒரு வேன் நிற்கும். ஏறினால் இட்லி, பொங்கல். இறங்கினால் மட்டன் பிரியாணி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனை!

எங்கள் ஆபீஸில் என் பக்கத்து சீட் தம்பி போன மாதம் இந்த வேனில் ஏறிவிட்டான். திங்கட்கிழமை காலை, ஃபைலை விரிக்கிற மாதிரி என் மேஜையில் ஒரு கலர் பிரசுரத்தை விரித்தான். வளைவு, நீரூற்று, ஊஞ்சல். ஊஞ்சலில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அச்சிறுபாக்கத்துக்கு உள்ளே வெள்ளைக்காரக் குழந்தைக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணே, 1,200 சதுர அடி. சதுர அடி 900 ரூபாதான். அஞ்சாயிரம் டோக்கன் குடுத்துட்டேன். அஞ்சு வருஷத்துல டபுள் ஆயிடுமாம்!"

"யாரு சொன்னா?"

"வேன்ல வந்த எக்சிக்யூட்டிவ்."

அந்த எக்சிக்யூட்டிவுக்கு ஊரில் எத்தனை மனை இருக்கிறது என்று தம்பி கேட்கவில்லை. சாதாரணமாக யாரும் கேட்பதில்லை. நானும்தான் கேட்கவில்லை, 2011-இல்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுர அடி 250 வீதம் 1,200 சதுர அடி, மொத்தம் மூன்று லட்சம். "பஞ்சாயத்து அப்ரூவல் சார்" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவரின் பச்சை மசிக் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் பார்த்ததும் எனக்கு ஜனாதிபதியே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. லே-அவுட்டுக்கு அனுமதி தர வேண்டியது டி.டி.சி.பி., சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ. தலைவரின் ஸ்டாம்பு மட்டும் போதாது என்பது எனக்கு 2016-இல்தான் தெரிந்தது. அந்த வருஷம் செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். இந்த மனையை விற்றுத்தான் நகை என்று வீட்டில் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். வாங்குவதற்கு ஆள்கூட இருந்தார். பதிவு பண்ண முடியாதே! கடைசியில் அப்பா தன் பி.எஃப். பணத்தை எடுத்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆகவே தம்பியிடம் சொன்னேன். "வர்ற ஞாயிறு வேன் வேணாம். என் பைக்ல போவோம். பிரியாணி கிடையாது, டீ உண்டு."

"ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று பிரசுரத்தில் இருந்தது. எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஒருவேளை ஹெலிகாப்டரில் ஐந்து நிமிடமோ என்னவோ. முந்தின நாள் மழை வேறு. மனை பார்க்க மழைக்கு மறுநாள்தான் உத்தமம். எந்த மனையில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் பூமியே படம் போட்டுக் காட்டிவிடும். தம்பியின் மனையில் இரண்டு கொக்கு நின்றுகொண்டிருந்தன. கொக்கு சும்மா நிற்காது.

நேராக சைட் ஆபீஸுக்குப் போகவில்லை. கொஞ்சம் முன்னாலேயே டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். அந்த ஏரியாவில் யார் புரோக்கர் என்று டீ மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்காது. பத்து நிமிடத்தில் ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்து சேர்ந்தார். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணே, இந்த நகர்ல எங்களுக்கு ஒரு மனை இருக்கு. அவசரமா விக்கணும். என்ன ரேட்டு போகும்?"

புரோக்கர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கிற மாதிரி. பிறகு என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்!

"எத்தனைக்கு வாங்கினீங்க?"

"தொளாயிரம்."

"சார், கம்பெனிக்காரனே இன்னும் பாதி மனை வித்து முடிக்கல. ரெண்டாவது பேஸ் வேற போடறான். வேன் விட்டு, சோறு போட்டு, தங்கக் காசு குடுத்து விக்கிறான். உங்ககிட்ட ஏன் சார் வாங்குவாங்க? ஐந்நூறுன்னா சொல்லுங்க, பார்ட்டி பார்ப்போம். ஆனா ரெண்டு பர்சென்ட் கமிஷன்."

தம்பி கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

இதைத்தான் நான் ஒவ்வொரு இளைஞரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். வாங்கப் போகிறவனிடம் ஊரே ஒரு விலை சொல்லும். விற்கப் போகிறவனிடம் வேறு விலை சொல்லும். அந்த இரண்டாவது விலைதான் உங்கள் சொத்தின் மதிப்பு. நடுவில் இருக்கிற நானூறு ரூபாய் எங்கே போகிறது? வேன் டீசல், பிரசுரம், எக்சிக்யூட்டிவ் கமிஷன், கம்பெனி லாபம், அப்புறம் நீங்கள் 'ஓசி'யில் சாப்பிட்ட பிரியாணி. நீங்கள் விற்கப் போகும் நாளில் உங்களுக்குப் போட்டி, உங்களுக்கு விற்ற அதே கம்பெனி. அவனிடம் வேன் இருக்கிறது. உங்களிடம் பைக்தான்.

டீக்கடை பெஞ்சிலேயே கணக்குப் போட்டோம். மனை 10,80,000. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் 97,200 ரூபாய். "அது கம்பெனி இலவசமா பண்ணித் தருதுண்ணே" என்றான் தம்பி. எப்படி என்று விசாரித்தால் அரசு வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம், மீதியை ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டுமாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அது போக, பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் நாளைக்கு விற்கும்போது நீங்கள் சம்பாதிக்காத லாபத்துக்கும் வரி கட்டுவீர்கள்.

ஏழு லட்சம் லோன், 9 சதவீத வட்டி, பத்து வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 8,870 ரூபாய். தம்பி வாங்குவது 34,000. மீதிப் பணத்துக்கு அம்மாவின் இரட்டை வடம் சங்கிலி பீரோவிலிருந்து வங்கிக்குப் போகத் தயாராக இருந்தது. வீட்டுக் கடன் என்றால் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு. வெறும் மனைக்கு வாங்கிய கடனுக்கு, அதில் வீடு கட்டாத வரை அது கிடையாது. வாடகையும் வராது. கொக்கு வாடகை தராது!

ஐந்து வருஷத்தில் டபுள் ஆகட்டும். எதன் டபுள்? ஐந்நூறின் டபுள் ஆயிரம். தம்பி போடுவது தொளாயிரம், பத்திரச் செலவு, வட்டி. ஆயிரத்துக்கு விற்றாலும் கைநஷ்டம்தான்.

விலை சரியாக இருந்தாலும் காகிதம் சரியாக இருக்க வேண்டுமே. 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு மனைக்கு மேல் போகிற லே-அவுட் என்றால் ரெரா பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பிரசுரத்தில் எண்ணைத் தேடுங்கள். இருந்தால் ரெரா இணையதளத்தில் அதே சர்வே எண்தானா என்று ஒப்பிடுங்கள். பக்கத்து லே-அவுட்டின் எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு. வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்காவது பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் லுங்கியோடு உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் வில்லங்கம் பதிவான சமாசாரத்தை மட்டும்தான் சொல்லும். நிலத்துக்காரரின் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டார்களா என்பதை அது சொல்லாது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டுவிட்டது. மத்திய அரசின் திருத்தம் 2005-இல் வந்தது. விற்பவர் பவர் ஏஜென்ட் என்றால், பவர் கொடுத்த பெரியவர் உயிரோடிருக்கிறாரா என்று விசாரியுங்கள். சாதாரணப் பவர் அவரோடு போய்விடும். இதெல்லாம் அபசகுனமான கேள்வியாகத் தோன்றும். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு நல்ல வக்கீலுக்குக் கொடுக்கிற பீஸ், தங்கக் காசைவிடப் பெறும்.

ஏற்கெனவே என்னை மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு. பக்கத்து மனைக்காரர்களைத் தேடிப் பிடித்து, லே-அவுட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பித்து, வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டினேன். பட்டாவை என் பெயருக்கு மாற்றினேன். பத்திரம் இருந்தால் போதும் என்று நினைத்து பட்டாவை விட்டுவிட்டவர்கள் ஏராளம். நான்கு மூலையிலும் கல் நட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்த்தேன். ஒரு பொங்கலுக்குப் போனபோது ஒரு கல் ஒன்றரை அடி உள்ளே நடந்து வந்திருந்தது!

கடைசியில் யார் வாங்கியது தெரியுமா? கல்லை நடக்க வைத்த அதே பக்கத்து மனைக்காரர். விற்காத மனைக்கு முதல் பார்ட்டி பக்கத்து மனைக்காரர்தான். அவருக்கு மட்டும்தான் உங்கள் மண் உண்மையிலேயே தேவை. 2019-இல் 4,20,000-க்கு முடித்தோம். அதே மூன்று லட்சத்தை எட்டு வருஷம் 8 சதவீதத்தில் பிக்சட் டெபாசிட் போட்டிருந்தால் ஐந்தரை லட்சம். அப்பாவிடம் பணத்தைக் கொடுத்தேன். எண்ணாமல் பீரோவில் வைத்தார்.

தம்பி டோக்கன் பணத்தைத் திரும்பக் கேட்டு கம்பெனிக்கு போன் போட்டிருக்கிறான். "ரீபண்டு தானே சார்? நேர்ல பேசிக்கலாம். வர்ற ஞாயிறு வேன்ல வந்துடுங்க, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்களாம்.

"போகலாமாண்ணே?" என்கிறான். "இந்த வாரம் சிக்கன் சிக்ஸ்டிஃபைவும் உண்டாம்."