எலெக்ட்ரிக் கிடாருக்கு என்ன மரம்? – ஒரு மாமாவின் புலம்பல்

காரைக்கால்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க முகத்துல ஒரு மாதிரி சிரிப்பு வரும். அந்த மேட்டர் இல்லீங்க இது. கிடார் மேட்டர். ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி ஏகத்துக்கு இருக்கறதால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. போன வாரம் அக்கா பையன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பி என்னை மறுபடி எழுத வச்சுட்டான்.

பையன் இங்க ஒரு மெல்லிசைக் குழுவுல லீட் கிடார். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காதுகுத்துன்னு எதையும் விடறதில்ல. ஆனி மாசம் மாங்கனித் திருவிழா வந்துட்டா ஆளை வீட்டுப் பக்கமே பாக்க முடியாது. அப்படி மூணு வருஷம் வாசிச்சுச் சேத்தது ஒண்ணே கால் லட்சம். பெங்களூருல தனியா கிடார் செஞ்சு தர்ற ஒருத்தர்கிட்ட ஆர்டர் கொடுக்கப் போறான். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். ஷீட்ல இருந்தது இதுதான்: ஒரே துண்டு மஹோகனி பாடி, மேல வரிவரியா மின்னற ஃப்ளேம் மேப்பிள், மஹோகனி நெக், அதுவும் நெக்-த்ரூ, கருங்காலி ஃப்ரெட்போர்டு.

"மாமா, பட்ஜெட் பதினஞ்சாயிரம் இடிக்குது. பாடியில மட்டும் கை வைக்காதீங்க, சவுண்டே அதுலதான் இருக்கு. நெக்குல ஏதாச்சும் குறைக்க முடியுமான்னு பாருங்க."

"மாப்ள, நீ ஷீட்டையே தலைகீழா போட்டிருக்கடா"ன்னேன். கோவிச்சுக்கிட்டான். போன்ல சொன்னா ஏறாது, எழுதியே காட்டிடுவோம்னு உக்காந்ததுதான் இந்தப் பதிவு.

நான் ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, பட்டவன் நான். பல வருஷம் முன்னாடி சென்னையில செகண்ட் ஹேண்டுல ஒரு கிடார் வாங்கினேன். மஹோகனி பாடி, மஹோகனி நெக், ரெண்டையும் ஒட்டியே செஞ்ச செட் நெக். தொட்டா தேன். கடலுக்கு அரை கிலோமீட்டர்ல இருக்கற எங்க வீட்டுக்கு வந்தது. மூணாவது ஐப்பசி மழை முடிஞ்சு எடுத்து வாசிச்சா, மேல் ரெண்டு கம்பி பத்தாவது ஃப்ரெட்டுக்கு அப்பால டர்ர்ருங்குது. ரிப்பேர் பண்றவர் கிடாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாத்தார். "சார், இது வளையல, முறுக்கிக்கிச்சு"ன்னார். முடிஞ்சு போச்சு. நெக்குக்குள்ள போற ட்ரஸ் ராடுங்கற இரும்புக் கம்பி முன்னாடி பின்னாடி வளைவைத்தான் நிமுத்தும். முறுக்குக்கு அது ஒண்ணும் பண்ணாது. கழட்டி வேற நெக் மாட்டலாம்னா ஒட்டினது. கழட்டற கூலிக்கு வேற கிடாரே வாங்கிடலாம். இப்ப சுவத்துல தொங்குது, தங்கமணி மாசத்துக்கு ஒரு தரம் தூசி தட்டறாங்க.

அந்த நெக் என்ன பாவம் பண்ணுச்சு? கிடார் பட்டறைகள்ல காத்து ஈரப்பதத்தை 45 சதவீதம் போல வச்சிருப்பாங்க. அந்தக் காத்துல மரத்துக்குள்ள இருக்கற தண்ணி 8, 9 சதவீதம். அதே மரம் மழைக்காலத்துல 80 சதவீத ஈரக் காத்துல மாசக்கணக்கா கிடந்தா 15, 16 சதவீதத்துக்கு ஏறிடும். ஏறினா மரம் உப்பும். எல்லா பக்கமும் ஒரே மாதிரி உப்பினாலாவது பரவாயில்ல. வளையத்தோட போக்குல உப்பறது, நடுவிலேர்ந்து வெளிப்பக்கமா உப்பறதைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரேகை கோணலா ஓடற மரமா இருந்தா அங்கதான் முறுக்கு ஆரம்பிக்குது. நம்ம ஊரு இன்னும் மோசம். ஆனி, ஆடியில பகல் முழுக்க மேலக்காத்து உலத்தும், சாயங்காலம் கடக்காத்து நனைக்கும். இதுக்கு நடுவுல பையன் ஏசி ரூம்லேர்ந்து கிடாரை எடுத்துக்கிட்டு கடற்கரை மேடைக்குப் போவான். இதுபோக சாதாரண 10-46 செட் மாட்டினா ஆறு கம்பியும் சேந்து அந்த ஒல்லிக் கட்டையை சுமார் 47 கிலோ விசையோட ராத்திரி பகலா இழுக்குது.

பாடி அப்படியில்ல. 45 மி.மீ. தடிப்பலகை. கொஞ்சம் உப்பினாலும் கை அதை உணராது. நெக் அரை மில்லிமீட்டர் நகந்தா போதும், வாசிப்பே போச்சு.

"வீணை மட்டும் எப்படி தாங்குது?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. வீணைக்காரங்க இதை எப்பவோ யோசிச்சு முடிச்சுட்டாங்க. வீணையில 24 மெட்டும் மரத்துல அடிச்சது இல்ல, கறுப்பு மெழுகுல பதிச்சது. மரம் நகந்துச்சா, மேளம் கட்டறவர் வந்து மெழுகை இளக்கி மறுபடி சுருதி பாத்து வச்சுட்டுப் போவார். கிடார்ல ஃப்ரெட்டு மரத்துக்குள்ளயே இறங்கியிருக்கு. மரம் போனா ஃப்ரெட்டும் கூடவே போகும்.

அடுத்தது அவன் உயிரா நினைக்கற 'ஒரே துண்டு'. இதுவும் வீணையிலேர்ந்து வந்த ஆசைதான்னு நினைக்கறேன். எங்க பக்கத்துல ஒரே பலாக்கட்டையில குடைஞ்ச ஏகாண்ட வீணைக்குத் தனி மவுசு, ஒட்டு வீணைன்னா ஒரு படி கீழ. தஞ்சாவூர் வீணைக்கு 2013ல புவிசார் குறியீடே கிடைச்சுது. வீணையில அந்த மதிப்பு நியாயம். அங்க குடம்தான் குரல். பலாப்பலகை அதிர்ந்தாதான் காத்து அதிரும். எலெக்ட்ரிக் கிடார்ல கேக்கறது காது இல்ல, காந்தம். கம்பி காந்தத்துக்கு மேல ஆடுது, சுருள்ல மின்சாரம் ஓடுது, ஆம்ப்ளிஃபையர் பேசுது. பாடி மரத்துக்குப் பங்கே இல்லன்னு நான் சொல்லல. பிக்கப், அதோட உயரம், கம்பி, ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் எடுத்துக்கிட்டது போக மிச்சம் இருக்கற சில்லறைதான் அது. யூடியூப்ல ஜிம் லில்னு ஒரு கிடார்காரர் பாடியே இல்லாம ரெண்டு மேசைக்கு நடுவுல கம்பியை இழுத்துக் கட்டி வாசிச்சுக் காட்டினார். கண்ணை மூடிக்கிட்டு கேளு மாப்ள, அப்புறம் மஹோகனிக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு முடிவு பண்ணு. (மஹோகனியும் நம்ம வேப்பமரமும் ஒரே குடும்பம்ங்கறது தெரியுமோ? வேம்புல பாடின்னு சொன்னா மட்டும் மூஞ்சி சுளிக்கிறான்.)

நெக்-த்ரூல வால் வரைக்கும் ஒரே கட்டையா ஓடும், பாக்க அழகு. ஆனா நெக் போனா கிடாரே போச்சு. போல்ட்-ஆன் நாலு ஸ்க்ரூ. 1950கள்ல லியோ ஃபெண்டர் வேகமா செய்யவும் சுலபமா மாத்தவும் வசதின்னு அப்படி வச்சார், அதே ஸ்க்ரூ காரைக்காலுக்கு ஒரு வரம். நான் சுவத்துல மாட்டி வச்சிருக்கறது போல்ட்-ஆனா இருந்திருந்தா இன்னிக்கும் மேடையில இருந்திருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். கிடார் செய்யறவர்கிட்ட 'என்ன மரம்?'னு கேக்காதே. 'எத்தனை வருஷம் காஞ்ச மரம், எப்படி அறுத்த மரம்?'னு கேளு. இதை நான் அமெரிக்கப் புத்தகத்துலேர்ந்து எடுக்கல. மாயவரத்துலேர்ந்து கும்பகோணம் போற வழியில, ஆடுதுறைக்கு முன்னாடி நரசிங்கம்பேட்டைன்னு ஒரு ஊர். நாகஸ்வரம் செய்யற ஊர், 2022ல அதுக்கும் புவிசார் குறியீடு வந்தது. ஆச்சா மரம்தான் அங்க. அதுவும் புதுசா வெட்டினது இல்ல, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வர்ற தூண், உத்தரம்னு தேடித் தேடி வாங்குவாங்க. எழுபது எண்பது வருஷம் வெயிலும் மழையும் பாத்த கட்டை. ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடிச்சிருக்கும்.

அதே ஊர்லதான் ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுத்த மத்தியமம் சரியா பேசற பாரி நாயனத்தைச் செஞ்சு கொடுத்தார். கஸ்டம் ஆர்டர்னா அது! வித்வானுக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்வரம், அபூர்வ மரம் இல்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் (1969–2014) அப்படித்தான். நாலு ஜோடி, எட்டு கம்பி இருக்கற வாத்தியத்துல கமகம் வழுக்கி வராதுன்னு எலெக்ட்ரிக் மாண்டலின்ல அஞ்சு ஒத்தைக் கம்பின்னு வச்சுக்கிட்டார். கைக்கு என்ன வேணும்னு முதல்ல யோசிச்சாங்க. நம்ம பையன் ஷீட்ல கையைப் பத்தி ஒரு வரி கிடையாது!

அதனால நான் திருத்தின ஷீட் இப்படி. நெக், ரேகை நேரா நிக்கறமாதிரி குவார்ட்டர் அறுப்பு. வறுத்த மேப்பிள் (ஆமாங்க, காப்பிக்கொட்டை மாதிரி சூட்டுல வச்சு எடுத்தது, அப்புறம் அது ஈரம் குடிக்கறது ரொம்பக் குறைஞ்சிடும்). தடிமன் 20 மி.மீ. போட்டிருந்தான், 22 கேக்கச் சொன்னேன். ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு தோணும். விறைப்பு தடிமனோட மூணாம் மடிப்புல ஏறும், கணக்கு போட்டா மூணுல ஒரு பங்கு கூடுதல். அவன் கை பெருசு, தாங்கும். ஃப்ரெட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வழக்கமா வர்ற நிக்கல் சில்வர்ல வெள்ளியே கிடையாது, பாதிக்கு மேல செம்பு. உப்புக் காத்துல பச்சை பூக்கும்.

ஃப்ரெட்போர்டுக்கு கருங்காலி வேணாம், ஈட்டி. கருங்காலி ஈரத்துக்கு ஏறி இறங்கறது ஈட்டியைவிட ரொம்ப அதிகம். இதுல ஒரு வேடிக்கை. உலகம் முழுக்க கிடார்ல 'இண்டியன் ரோஸ்வுட்'னு பெருமையா போடறது நம்ம நீலகிரி, வயநாடு பக்கத்து ஈட்டிதான். 2017ல அந்த இனம் முழுசையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேத்து, ஒவ்வொரு கிடாரும் எல்லை தாண்ட பேப்பர் கேட்டாங்க. 2019 நவம்பர்ல செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு வந்தது. நம்ம காட்டு மரம் அமெரிக்கா போய் பாலிஷ் போட்டு இறக்குமதி வரியோட திரும்பி வந்தாதான் நமக்கு ஒஸ்தி.

பாடிக்கு? 2018 கஜா புயல்ல ஆலங்குடிப் பக்கம் சித்தப்பா தோட்டத்துல சாஞ்ச பலாமரத்தை அறுத்து கொட்டகையில அடுக்கி வச்சிருக்கார். ஒரு இஞ்சு தடிமனுக்கு ஒரு வருஷம்னு காயவிடற கணக்குப்படி பாத்தாலும் தாராளமா காஞ்சாச்சு. ரெண்டு துண்டு ஒட்டினா போதும். காசே கிடையாது.

ரெண்டு நாள் பேசல. வியாழக்கிழமை ராத்திரி போன். போல்ட்-ஆன் ஓகே, வறுத்த மேப்பிள் ஓகே, 22 ஓகே. பலாவுக்குக்கூட ஒத்துக்கிட்டான், பெங்களூர்க்காரரே ஆசையா கேட்டாராம். ஆனா ஃப்ளேம் மேப்பிள் மட்டும் விட மாட்டேங்கறான்.

"மேடையில லைட்டு அடிக்கும்போது மின்னணும் மாமா. நீங்க சொன்ன நெக்கை யாரு பாக்கப் போறா?"

அரை மில்லிமீட்டர் வெனீரா ஒட்டிக்கோடான்னு இறங்கி வந்தேன். அட்வான்ஸ் போயாச்சு. நாளைக்கு அந்தப் பலாப்பலகையை லாரி ஆபீஸ்ல போடணும், இப்பவே ரசீது எப்படி எழுதுவாங்கன்னு கவலையா இருக்கு. விறகுன்னு எழுதிடப் போறாங்க :-)