சங்கத்துக்குப் போகும் காணிக்கை

சபை தன் காணிக்கையை ஒரு தனிச் சங்கத்திடம் கொடுத்து, சுவிசேஷ ஊழியத்தை அதன் பொறுப்பில் விடலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு பெரிய திருச்சபை இயக்கத்தையே பிளந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் கேம்ப்பெல் ஒரு காலத்தில் இத்தகைய சங்கங்களைக் கடுமையாகச் சாடி எழுதியவர். ஆனாலும், 1849-ல் சின்சினாட்டியில் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரி சங்கம் தொடங்கியபோது அவரே அதன் தலைவரானார். டென்னசியில் டேவிட் லிப்ஸ்கம்ப் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. ஆண்டவர் ஏற்படுத்திய மிஷனரி சங்கம் சபைதான், அதற்கு மேல் இன்னொன்று எதற்கு என்றார்கள். வழிபாட்டில் இசைக்கருவி கூடாது என்ற வழக்கும் சேர்ந்துகொள்ள, 1906-ம் ஆண்டு மதக் கணக்கெடுப்பில் இரு சாராரும் தனித்தனித் திருச்சபைகளாகப் பதிவானார்கள்.

லிப்ஸ்கம்பின் வாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அதை அப்படியே ஏற்க முடியாது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எம்.எஸ். சங்கத்தின் மிஷனரியாகத்தான் ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். நம் சபைகளில் பல அந்த ஊழியத்தின் பலன். அதே சங்கம்தான் 1835-ல், ஆங்கிலிக்கன் சபையைக் குறைகூறி எழுதினார் என்று அவரை விலக்கியது. உபதேசியார்களில் பலர் அவரோடு நின்றார்கள்; சபைகள் இரண்டுபட்டன. அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிராமத்து ஜனங்களுக்கு லண்டன் கமிட்டியில் ஒரு வாக்குக்கூடக் கிடையாது. பணம் எங்கிருந்து வருகிறதோ, முடிவும் அங்கிருந்தே வந்தது.

இந்த இடத்தில்தான் வேதநாயகம் அசரியா எனக்கு முக்கியமாகிறார். வெள்ளாளன்விளை போதகரின் மகன். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் நடத்துவதை அறிந்தார். மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்மிடம். நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கலுக்கு ஒருவரை அனுப்பி, தெலுங்கு கற்கவைத்து, குடும்பத்தோடு வருஷக்கணக்கில் தாங்குவது ஒரு சேகரத்தால் ஆகிற காரியமா? பல சேகரங்கள் சேர்ந்தால்தான் முடியும். அதற்குச் சங்கம் வேண்டும். ஆகவே நான் சங்கத்தின் பக்கம்தான்.

ஆனால் அசரியா அதோடு நிற்கவில்லை. 1909-ல் தாமே தோர்ணக்கலுக்குப் போனார். 1912-ல் அதன் பேராயரானார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத கூலி ஜனங்கள் உட்பட, தங்கள் தலைமேல் கைவைத்து, ‘சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ’ என்னும் பவுலின் வார்த்தைகளில் உறுதி சொன்னார்கள். ஆண்டுதோறும் சாட்சி வாரம் வைத்து அவர்களை அடுத்த ஊர்களுக்கு அனுப்பினார். சங்கத்தைத் தொடங்கிய மனிதரே, சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவரையும் வீட்டில் உட்காரவிடவில்லை!

இன்று நம் சேகரங்களில் மிஷனரி ஞாயிறன்று கவர் கொடுப்பதோடு பெரும்பாலும் கடமை தீர்ந்துவிடுகிறது. பணித்தளம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே என்ன மொழி பேசுகிறார்கள், ஊழியரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. சேகரக் கமிட்டி தொகையைக் குறைக்க வேண்டாம். அனுப்புமுன் அந்தத் தொகையின் கணக்கைச் சபையில் வாசிக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது நாலு பேரைப் பணித்தளத்துக்கு அனுப்பி, அவர்கள் திரும்பி வந்து பார்த்ததைச் சொல்ல ஆராதனையில் நேரம் ஒதுக்கட்டும்.