விகிதம் பார்க்கும் வங்கி. விகிதம் பார்க்காத வணிகர்

வங்கியில் கடன் கேட்டுப் போய், "உங்கள் விகிதம் சரியில்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மில் பலர். வெளியே வந்ததும் மேலாளரைக் குறை சொல்கிறோம். அது என்ன விகிதம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

கணக்கு கடினமானதல்ல. ஒரு மளிகைக் கடையில் சரக்கு 6 லட்சம், வரவேண்டிய பாக்கி 3 லட்சம், கையிருப்பு 1 லட்சம். ஆக நடப்புச் சொத்து 10 லட்சம். மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியது 4 லட்சம், வங்கி ஓ.டி. மூன்றரை லட்சம், ஆக நடப்புக் கடன் ஏழரை லட்சம். வகுத்தால் 1.33. 1975-இல் டாண்டன் குழு அறிக்கை வந்த பிறகு வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கும் அளவு இதுதான்.

ஆனால் அந்த 3 லட்சம் பாக்கியில் பாதி, இரண்டு வருடமாகக் கடன் நோட்டிலேயே தூங்குகிறது என்று வையுங்கள். அதைக் கழித்தால் விகிதம் 1.13 ஆகிவிடும். வங்கிக்குத் தெரிகிறதோ இல்லையோ, முதலில் நமக்குத் தெரிய வேண்டிய அபாய மணி இது.

அடுத்தது விற்பனைக் கணக்கு. 1992-இல் அறிக்கை தந்த நாயக் குழு, சிறு தொழிலின் நடைமுறை மூலதனத் தேவை ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் என்று கொண்டது. அதில் 20 சதவீதம் வங்கி தரும். 5 சதவீதம் சொந்த முதல். வியாபாரிகளுக்கும் பல வங்கிகள் இந்த முறையிலேயே கடன் அளவை நிர்ணயிக்கின்றன. விற்பனை 60 லட்சம் என்றால் 12 லட்சம் கேட்கலாம். வரிக்குப் பயந்து 20 லட்சம் என்று காட்டினால் கிடைப்பது 4 லட்சம்தான்.

மீதிக்கு எங்கே போவது? தண்டல்காரரிடம்! நானும் அப்படிப் போனவன்தான். 10,000 ரூபாய்க்கு 9,000 கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டினேன். ஆயிரம்தானே என்று நினைத்தேன். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டி 80 சதவீதத்தை நெருங்குகிறது என்று பிறகுதான் புரிந்தது. மளிகையில் கிடைக்கும் லாபத்தில் இதைக் கட்டிக் கரையேற முடியுமா? வரியில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததை வட்டியில் தொலைத்தேன்.

வங்கிகள் மீதும் நமக்குக் குறை உண்டு. மார்ச் 31 என்ற ஒரே நாள் ஐந்தொகையை வைத்துக் கடையை எடை போடுவது நியாயமல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கும் ஏறும், கடனும் ஏறும். கிராமத்துப் பாக்கி அறுவடைக்குப் பிறகுதான் வசூலாகும். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரங்களும் முன்னுரிமைக் கடனுக்காகச் சிறு, குறு தொழில்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன. அந்த உரிமையைக் காட்டி, மாதவாரிக் கணக்கையும் பார்க்கச் சொல்லிச் சங்கங்கள் வாதாட வேண்டும்.

ஆனால் வாதாட நம் கையில் கணக்கு இருக்க வேண்டுமே! மாதம் ஒருமுறை, கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் உட்காருங்கள். இருப்பு, வசூலாகும் பாக்கி, கட்ட வேண்டிய கடன் ஆகிய மூன்றையும் உள்ளது உள்ளபடி எழுதி வகுத்துப் பாருங்கள். விகிதம் 1.33-க்குக் கீழே இறங்கினால், புதுக் கடன் தேடாமல் பழைய பாக்கியை வசூலிக்கக் கிளம்புங்கள். கடையைக் காப்பாற்ற அதுவே முதல் வழி.