இராமேசுவரத்தில் மூன்று நாள்கள்

விடுமுறைக்கு எந்தத் தீவைக் காண விரும்புகிறீர்கள் என்று வகுப்பில் எழுதச் சொன்னால், மாலத்தீவு, மொரீசியசு, அந்தமான் என்றே விடைகள் வருகின்றன. தாராவியிலிருந்து வரும் மாணவரும் செம்பூரிலிருந்து வரும் மாணவரும் இதில் ஒன்றுபடுகின்றனர். அந்த ஆசையில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும், நம்முள் பலர் முன்பே சென்று வந்த ஒரு தீவு உண்டு. அதனைத் தீவு என்று எவரும் எழுதுவதில்லை. 'இராமேசுவரம் கோவிலுக்குப் போனோம்' என்றுதான் எழுதுகின்றனர். விடியற்காலையில் வந்து, அக்கினி தீர்த்தக் கடலில் மூழ்கி, கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடி, வழிபாடு முடித்து, உண்டு, மாலை வண்டியில் திரும்பிவிடுகின்றனர். அத்தீவுக்கு மூன்று நாள்களாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தீவு என்பது நமக்கு அயலான பொருளும் அன்று. கொலாபா, சிறு கொலாபா, மும்பை, மசகாவ், பரேல், வொர்லி, மாகிம் என்னும் ஏழு தீவுகளை மண்ணிட்டு இணைத்தே இந்நகரம் உருவானது. செம்பூர் ஒருகாலத்தில் டிராம்பே தீவின் வடமேற்கு முனை. தாராவியோ கழியும் சதுப்புமாய் இருந்த கோலி மீனவர் குடியிருப்பு. இங்கே கடலை மண் வென்றது. இராமேசுவரத்தில் மண்ணைக் கடல் வென்ற இடத்தையும் காணலாம்.

இராமேசுவரத்துக்குத் தொடர்வண்டியில் செல்லுங்கள். சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இரும்புப்பாதை ஒன்றே தரைவழி. பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். பல்லாண்டுகள் இந்தியாவின் மிக நீண்ட கடற்பாலம் அதுவே. நடுவில் கப்பல்களுக்கு வழிவிட இரண்டு இதழ்களாகத் திறக்கும் பகுதி இருந்தது. அதனை இயந்திரம் அன்று, தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுற்றியே திறந்தனர். உப்புக்காற்று இரும்பை இடைவிடாது அரித்தது. 2022 டிசம்பரில் அதில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அருகில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி இதழாக விரிவதில்லை; 72.5 மீட்டர் நீளமுள்ள தளம் அப்படியே செங்குத்தாக மேலே உயர்கிறது. சன்னலோர இருக்கைக்கு உடன்பிறந்தாருடன் சண்டையிட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது இப்பாலமே.

கோவிலைப் பற்றி உங்கள் பாட்டியர் என்னினும் நன்றாகக் கூறுவர். ஆகவே இரண்டு செய்திகள் மட்டும் சொல்வேன். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தூண்கள் கொண்ட மூன்றாம் திருச்சுற்றைக் கூட்டம் குறைந்த வேளையில் மெல்ல நடந்து பாருங்கள். தீர்த்தக் கிணறுகளில் நீராடும்போது, கடல் கூப்பிடு தொலைவில் இருந்தும் அந்நீர் ஏன் கடல்நீர் போல் உவர்க்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். மழைநீர் மணலில் இறங்குகிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. எனவே நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடி மணலில் பெண்கள் கையாலேயே சிறு ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பதும் இதனால்தான். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பதை அவர்கள் பாடநூலில் படித்து அறியவில்லை.

அறிஞர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1931 அக்டோபர் 15 அன்று இவ்வூரில் பிறந்தார். மசூதித் தெருவில் உள்ள வீட்டையும் பேக்கரும்பில் உள்ள நினைவிடத்தையும் எல்லோரும் பார்க்கின்றனர், நீங்களும் பார்ப்பீர்கள். எனக்கோ அவருடைய ஏவுகணைகளைவிட, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாகக் கொடுத்த சிறுவனே நெருக்கமானவன். அந்த வண்டி சென்ற இடம் தனுஷ்கோடி.

இரண்டாம் நாளை முழுவதும் தனுஷ்கோடிக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் அங்கே தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம், சுங்கச்சாவடி, பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன. சென்னையில் பயணச்சீட்டு எடுத்தவர், தனுஷ்கோடியில் நீராவிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் வண்டியேறிக் கொழும்பு சேரலாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நிறுத்தப்பட்டு, பின்னரே கடல் கடந்தனர். உங்கள் கொள்ளுத்தாத்தா தாதருக்கு வண்டியேறியது போல வேறு சிலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் இவ்வழியே சென்றனர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணியர் வண்டியைக் கடலலை கவிழ்த்தது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் உடைந்த பகுதிகளை ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாள்களில் சீர்செய்தது. ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் வண்டி மீண்டும் ஓடவேயில்லை. இன்று தேவாலயத்தின் சுவர்களும் நிலையத்தின் எச்சங்களும் மணலில் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் நாள்தோறும் வண்டிகள் வரிசையாக வருகின்றன.

வருவோர் பலர் அதனைப் 'பேய் நகரம்' என்கின்றனர். காணொளிகளின் தலைப்பும் அதுவே. இச்சொல்லை நான் ஏற்கமாட்டேன். அங்கே மீனவக் குடும்பங்கள் இன்றும் குடிசைகளில் வாழ்கின்றன, வலை பின்னுகின்றன, கருவாடு உலர்த்துகின்றன. வாழும் மனிதர் இருக்கும் ஊர் எவ்வாறு பேய் நகரம் ஆகும்? இதனைத் தாராவி மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டியின் பின்னால் வரிசையாக வரும் வெளிநாட்டவர் உங்கள் சந்துக்குள் நுழைந்து, தோல் பட்டறையையும் பானை சூளையையும் கண்டபின், உங்கள் வீட்டு வாசலையும் எட்டிப் பார்ப்பர். அவர்களுள் வணக்கம் சொல்லி, நின்று, கேட்டு, உங்கள் தந்தையார் செய்த பொருளை வாங்கிச் செல்பவரும் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பவரும் உண்டு. இருவருக்கும் உள்ள வேறுபாட்டை மாதுங்காவிலும் செம்பூரிலும் அடுக்ககங்களில் வாழும் மாணவர்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். தனுஷ்கோடியில் நீங்களே அந்த வெளியார்.

அப்படியாயின் போகாமலே இருப்பது நல்லதன்றோ என்று சிலர் கேட்கலாம். அதுவும் சரியன்று. பயணியரை நம்பியே அங்குள்ள மீன் பொரிக்கும் கடைகளும் தேநீர்க் கடைகளும் நடக்கின்றன. போங்கள்; உண்ணுங்கள்; சொன்ன விலையைக் கொடுங்கள். குடிசைக்குள் கைப்பேசியை நீட்டாதீர்கள். நெகிழிப் புட்டியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அங்கே குப்பை அள்ள உங்கள் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் வரமாட்டார். அரிச்சல்முனையில் ஒருபுறம் பாக் நீரிணைப்பும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் உள்ளன. அமைதியானதைப் பெண் கடல் என்றும் கொந்தளிப்பதை ஆண் கடல் என்றும் ஊரார் அழைப்பர். (இப்பெயர்கள் பொருத்தந்தானா என்பதை மாணவியர் வாதிட்டுக்கொள்ளட்டும்.) இரண்டும் கூடும் இடத்தில் நீரோட்டம் வலிமை மிக்கது, அங்கே குளிக்க இறங்கவே கூடாது.

மூன்றாம் நாள் கடலுக்கு. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 சிறு தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் காக்க 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இக்கடலில் உள்ளன. அத்தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போயிற்று, மணல் கரைந்தது. எனவே கடைவீதியில் ஒரு பவளத் துண்டை எவரேனும் காட்டினால், அது ஒரு தீவின் துண்டு என்று எண்ணுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை எடுப்பதையும் விற்பதையும் குற்றம் என்கிறது. சில சங்கு, சிப்பி வகைகளும் அப்பட்டியலில் உள்ளன. எது காக்கப்பட்டது, எது அல்லாதது என்று நம்மால் பிரித்தறிய இயலாது. வாங்காமல் வருவதே எளிது.

கரையோரச் சிற்றூர்களில் பாசி எடுக்கும் பெண்களையும் காணலாம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிகளுக்குப் பெயர் உண்டு. கூரிய பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி எடுக்கின்றனர். மூச்சடக்கி மூழ்குவதை வேறு தீவுகளில் பணம் கொடுத்துக் கற்கின்றனர். இவர்கள் அதனால் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர்.

மே மாதம் செல்வோர் கரையில் விசைப்படகுகள் அசையாமல் நிற்பதைக் காண்பர். மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. நம் மும்பையில் அத்தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை முடிந்து செல்லும் இராமேசுவரம் மீனவர்களுக்கு வேறொரு அச்சம் உண்டு. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை கைது செய்யலாம். 1974 உடன்படிக்கையால் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. தங்கள் கடலின் மீன்வளத்தை இழுவைமடிப் படகுகள் வாரிச் செல்வதாக வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் முறையிடுகின்றனர். இரு தரப்பும் பேசுவது தமிழ். இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரே வரியில் விடை எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். மீனவர் ஒருவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

இவ்வாண்டு ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டுக் கிடைக்காதவர்கள், அல்லது அதற்குரிய பணம் வீட்டில் இல்லாதவர்கள், வருந்த வேண்டியதில்லை. இந்தியாவின் நுழைவாயிலில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காராபுரித் தீவு. எலிபண்டா என்று பெயரிட்டவர் போர்த்துகீசியர். அதற்குக் காரணமான கல்யானை இப்போது பைக்குல்லா பூங்காவில் நிற்கிறது. திங்கட்கிழமை குகைகள் மூடப்பட்டிருக்கும். வேறு நாளில் செல்லுங்கள். ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரமுள்ள மும்முகச் சிவனைக் கண்டபின் உடனே படகுக்கு ஓடாமல், அத்தீவில் வாழும் மக்களின் மூன்று சிற்றூர்கள் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மும்பையின் விளக்குகள் எதிரே தெரிய, அவ்வூர்களுக்குக் கடலடி மின்வடம் வழியாக மின்சாரம் வந்தது 2018-இல்தான். அதற்கு முன் இரவுகள் எப்படி இருந்தன என்று படிக்கட்டோரம் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். மராத்தியில் கேளுங்கள், அம்மொழி உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும்.