ஏலத்துக்கு வந்த 26 வாகனங்களும் ஏலத்துக்கே வராதவையும்

ஜனாதிபதி செயலகத்துக்குச் சொந்தமான அதிசொகுசு வாகனங்களின் முதற்கட்ட ஏலம் 2025 மே 15ஆம் திகதி நடந்தது. 26 வாகனங்கள் முன்வைக்கப்பட்டன, 17 விலைபோயின. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 20 கோடி ரூபாவுக்கு மேல். பிஎம்டபிள்யூ, போர்ஷ் கயேன், லான்ட் ரோவர், நிசான் பெட்ரோல், லான்ட் குரூசர் வி8 என்று பட்டியல் நீண்டது. 2024 செப்டெம்பரில், ஆட்சி மாறிய கையோடு, முன்னைய ஆட்சியில் பலரும் பயன்படுத்திவிட்டுத் திருப்பி ஒப்படைத்த வாகனங்கள் காலி முகத்திடலில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் காட்சியின் அடுத்த அங்கம்தான் இந்த ஏலம்.

அரசியல் விளம்பரம் இதில் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வாகனம், எந்த வகை என்று பட்டியல் வெளியிடப்பட்டது, கேள்வி கோரப்பட்டது, எத்தனை விற்றன, எத்தனை விற்கவில்லை என்று கணக்கும் சொல்லப்பட்டது. அரச சொத்து எங்கே போகிறது என்று தெரியாமலே பழகிப்போன நாட்டில் இது சிறிய விடயம் அல்ல.

பழைய வாகனங்களுக்கு, சராசரியாக ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் யார் கொடுப்பார்கள் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் வியக்கலாம். கொழும்பில் இருப்பவர்களுக்கு அது வியப்பில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை திறக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் புதிதாகப் பெரிய அளவில் எதுவும் வராததால், இருந்த வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. திறந்த பிறகும் பல வகை வாகனங்களுக்கு வாகன விலையைவிட வரி அதிகம். காலி வீதியில் நிற்கும் பத்து வயதுக் கார்கூட வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோகும் விசித்திரம் உலகில் அதிக இடங்களில் இல்லை.

ஏலம் நடந்தது மே 15. முள்ளிவாய்க்கால் வாரத்தின் நடுவில், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த நாட்கள். அந்தத் திகதியை யாரும் வேண்டுமென்று தேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அந்தச் செய்தியையும் வடக்கிலிருந்து வந்த நினைவேந்தல் செய்திகளையும் ஒரே திரையில் படிக்கும்போது, தமிழர்கள் இழந்த வாகனங்களின் பட்டியல் எங்கே என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

அதற்கு முன் பழைய வாகன ஏலங்கள் உலகில் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பது உதவும். 2022 மே மாதம் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், 1955ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் கார் ஒன்று 13 கோடி 50 இலட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. ஏலத்தில் ஒரு காருக்கு அதுவரை கிடைக்காத விலை; அந்தப் பணம் இளையோருக்கான புலமைப்பரிசில் நிதியத்துக்குப் போனது. 2025 பெப்ரவரியில் அதே நகரில், ஃபாஞ்சியோவும் ஸ்டேர்லிங் மொஸ்ஸும் ஓட்டிய பந்தயக் கார் ஒன்று 5 கோடி 10 இலட்சம் யூரோவைத் தாண்டியது. இரண்டும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் கொடுக்கப்பட்ட விலை அல்ல. எந்த நாளில் செய்யப்பட்டது, யார் ஓட்டினார், எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா, இடையில் யார் யார் கையில் இருந்தது என்பதற்கெல்லாம் கடதாசி இருக்க வேண்டும். கடதாசி இல்லாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

எங்கள் ஊர்க் கார்களுக்கு அந்தக் கடதாசிதான் இல்லாமல் போனது.

இலங்கையில் பழைய கார்களுக்கென்று அப்படிப்பட்ட பெரிய ஏலங்கள் நடப்பதில்லை. கொழும்புச் சேகரிப்பாளர்களிடையே வாய்ப்பேச்சிலும் பத்திரிகை, இணைய விளம்பரங்களிலும்தான் வியாபாரம் நடக்கிறது. உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை. இந்த உலகில் ஒரு காரின் இலக்கத் தகடே பாதி வரலாறு. 1952 முதல் 1954 வரை தயாரிக்கப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற் என்றால் ஈஎல், ஈஎன் போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அறுபதுகளின் ஏ60 கேம்பிரிட்ஜ் என்றால் சிங்கள 'ஸ்ரீ' இருக்கும். சேகரிப்பாளருக்கு இது ஆண்டைக் கணிக்க உதவும் குறி. எங்களுக்கு வேறு கதை. 1957இல் அந்தச் சிங்கள எழுத்து இலக்கத் தகடுகளில் கட்டாயமாக்கப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பில் இறங்கியது. 1958இல் ஸ்ரீ எழுத்துள்ள அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட, எழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டது. அந்தக் கொந்தளிப்புக்குள்தான் ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம் வந்தது. ஒரு பழைய காரின் முன்னால் நின்று படம் எடுப்பவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

யாழ்ப்பாணத்தில் சோமசெற்றும் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் நீண்ட காலம் ஓடியதற்குக் காரணம் பழைமை மீதான காதல் அல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் தங்கத்தைப்போல ஆகிவிட்டது. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயிலும் ஓடும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை, மூக்கை அடைக்கும் மணம். பிள்ளைத்தாய்ச்சிகளும் செல்விழுந்து காயப்பட்டவர்களும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் தென்னிலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகவே தடை.

2002 சமாதான காலத்தில் ஏ9 திறந்ததும் தெற்கிலிருந்து பழைய பொருள் வாங்குபவர்கள் வந்தார்கள். தேக்குக் கதவுகள், கதிரைகள், பித்தளைப் பாத்திரங்கள், அவற்றோடு கார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது; கூரை போடக் காசு தேவைப்பட்டது. ஆனால் அந்தக் கார்கள் தெற்கில் புது வண்ணம் பூசப்பட்டு, மண்ணெண்ணெய்க் கரி சுரண்டப்பட்டு, கல்யாண ஊர்வலங்களுக்குப் போகத் தயாரானபோது, அவற்றின் மிக அரிய பகுதி அழிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபாஞ்சியோ ஓட்டியது விலையை ஏற்றுமென்றால், செல்லடிக்கு நடுவே ஆளேற்றிய ஒரு சாரதியின் பெயரும் காரின் வரலாற்றில் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நாங்களும் எழுதி வைக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனரின் பதிவுப் புத்தகம் இருக்கிறது. கார் இல்லை. 83 யூலையில் வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் வைத்து, அந்தக் காரின் தாங்கியில் இருந்த பெற்றோலையே எடுத்து ஊற்றிக் கொளுத்தினார்கள். அவர் புத்தகத்தைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அகதி முகாமுக்குப் போனார். சட்டப்படி பார்த்தால் அவர் இன்றும் அந்தக் காரின் உரிமையாளர். வன்னியில் பெரும்பாலானவர்களின் நிலை இதற்கு எதிர்மாறு. 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மோட்டார் சைக்கிள், லொறி, உழவு இயந்திரம், பஸ் எல்லாம் இருந்தன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடதாசிகள்தான் போய்விட்டன. போருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த வாகனங்கள் துருப்பிடித்த மலைகளாகக் கிடந்ததை ஏ35 வீதியால் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆவணம் காட்டியவர்களுக்குச் சில திரும்பக் கிடைத்தன. மற்றவை மெல்ல மெல்லப் பழைய இரும்பாகிக் காணாமல் போயின. பலருக்கு அந்த லான்ட்மாஸ்டர் என்பது சொகுசு அல்ல, வருமானம். கடைசிக் கட்டத்தில் வீடும் அதுதான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விடயத்தைச் சொல்ல வேண்டும். வாகனம் எரிந்தாலும் சட்டகத்தில் அடிக்கப்பட்ட எண் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளரின் பெயர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கும். ஆகவே உரிமையாளரிடம் கடதாசி இல்லை என்பது முடிவான பதில் அல்ல. அரசிடம் கடதாசி இருக்கிறது. இணைத்துப் பார்க்க மனம் இருந்ததா என்பதே கேள்வி. அதே 2025 மே மாதத் தொடக்கத்தில், இறுதிப் போரில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளி நகைகளை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து நகையைக் கணக்கில் கொண்டுவர முடியுமென்றால், இலக்கம் குத்தப்பட்ட வாகனங்களைக் கணக்கில் கொண்டுவர முடியாது என்று சொல்வது கடினம்.

மீட்கப்பட்ட வாகனங்களின் சட்டக எண்கள், அவை எங்கு கொண்டுபோகப்பட்டன, எவை யாருக்கு விற்கப்பட்டன, அந்தப் பணம் எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது: இந்த நான்கையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். 2018இல் சட்டமாக்கப்பட்ட இழப்பீட்டுக்கான அலுவலகம் தானாகவே கேட்டிருக்கலாம். பதில் "பதிவுகள் இல்லை" என்று வந்தாலும் அது எழுத்தில் வரவேண்டும். பட்டியலும் கணக்கும் வெளியிட இந்த அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதை 26 வாகனங்களின் ஏலம் காட்டிவிட்டது.

முதற்கட்டத்தில் விலைபோகாத ஒன்பது வாகனங்களுக்கும் இலக்கம், வகை, நிற்கும் இடம் எல்லாம் பதிவில் இருக்கின்றன. பெரியப்பா ஏலச் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது, அந்த போர்ஷ் கயேன் எவ்வளவுக்குப் போனது என்று மட்டும்தான்.