தோற்றது கையா, குச்சியா, மேஜையா?

பூல் பார்லரில் பந்து குழிக்குள் விழாவிட்டால், முதலில் திட்டு வாங்குவது குச்சி. அடுத்தது மேஜை. கையை யாரும் குறை சொல்வதில்லை!

குச்சிக்கு ஒரு கதை இருக்கிறது. பூலின் அண்ணனான ஸ்நூக்கரில், ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹெண்ட்ரி சிறுவயதில் வாங்கிய மலிவான குச்சியை வைத்தே 1990 முதல் 1999 வரை 7 முறை உலக சாம்பியன் ஆனார். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. வேறு குச்சியோடு அதே ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். உலகப் பட்டம் மட்டும் அதன்பிறகு வரவே இல்லை. குச்சி போனதாலா? ஆனால், அது உடைவதற்கு முந்தைய 4 ஆண்டுகளிலும் அவருக்கு உலகப் பட்டம் கிடைக்கவில்லையே!

மேஜையைத் திட்டுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் மேஜைத் துணி அதை இழுத்துக்கொள்ளும். பந்தின் ஓட்டம் மந்தமாகிவிடும். பெரிய ஸ்நூக்கர் போட்டிகளில் மேஜையின் கற்பலகைக்கு அடியில் ஹீட்டர் வைப்பது இதனால்தான். மழைநாளில், ஏசி சரியில்லாத பார்லரில் ஆடியவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால், எதிராளிக்கும் அதே மேஜைதானே? விவரமானவர்கள் ஆட்டத்துக்கு முன்பே நாலைந்து பந்துகளை மெதுவாக உருட்டிப் பார்த்துவிடுவார்கள். துணியின் வேகம், எந்தப் பக்கம் சாய்வு, ஓரத்தில் பட்டு எவ்வளவு தூரம் திரும்புகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

குச்சியில் முக்கியமானது நுனியில் ஒட்டியிருக்கும் தோல். அது வழவழப்பாகிவிட்டால் சாக் ஒட்டாது, அடி வழுக்கும். நுனியை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அடிக்கு அடி சாக் தடவினாலே பாதிப் பிரச்னை தீரும். புதுக் குச்சிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.