ஆய்வாளருக்குக் கொடுக்கும் சம்பளமும் முதலீடுதான்

கடை நஷ்டத்தில் விழுந்த பிறகு கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதில் என்ன பயன்? ஊவா மண் இந்தப் பாடத்தை 150 வருடங்களுக்கு முன்னரே படித்துவிட்டது.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. அந்த நோயை ஆராய்வதற்கென்றே ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்ததோ 1880இல். நோயைத் தரும் பங்கசு காற்றில் எப்படிப் பரவுகிறது என்பதை இரண்டே வருடங்களில் அவர் விளக்கிவிட்டார். ஆனால் காலம் கடந்திருந்தது. கோப்பி அழிந்தது. கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் மூடப்பட்டது.

இன்று அத்தகைய வேலையைச் செய்பவர்களைக் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளர்கள் என்கிறார்கள். நமது பாஷையில் சொன்னால், தொழிலை முழுமையாகக் கற்றுக்கொண்டு இன்னும் சொந்தக் கடை திறக்காத கெட்டிக்காரர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் இப்படிப்பட்டவர்களை இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் அமர்த்தி, ஒரே பிரச்சினையைக் கையில் கொடுத்துவிடுகின்றன. நம் நாட்டில் இத்தகைய பதவிகள் மிக அபூர்வம். கலாநிதிப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம், பெறுமதி சேர்த்தலையே தன் நோக்கமாகக் கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் ஏற்றுமதி விவசாயமும் அங்கே பட்டப் பாடங்கள். மூளை நம் வாசலிலேயே இருக்கிறது. அதைத் தேடிப் போன வியாபாரிகள் எத்தனை பேர்?

"எனக்கு இதில் என்ன இலாபம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆய்வின் பலன் அடுத்த கடைக்காரருக்கும் போகும் என்பதால் தனியொருவர் பணம் போடத் தயங்குவார். அதனால்தான் இது சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். வர்த்தக சங்கமும் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களும் பங்குபோட்டு, ஒரேயொரு ஆய்வாளருக்கு இரண்டு வருடச் சம்பளம் கொடுக்கலாம். பிரச்சினையை நாம் சொல்வோம்: சந்தைக்குப் போகுமுன் அழுகும் வெலிமடை மரக்கறியா, ஈரப்பதத்தால் விலை குறையும் மிளகா? ஆய்வு முறையை அவர் தீர்மானிக்கட்டும். முடிவு நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடப்பட வேண்டும். அந்த நேர்மை இல்லாவிட்டால் போட்ட பணம் வீண்.

2021இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்தது. அவ்வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. ஆய்வைக் கேளாமல் எடுக்கும் முடிவின் விலை அது. கொழுந்து குறைந்தால் தோட்டத் தொழிலாளியின் கையில் காசு குறையும். அவர் கையில் காசு இல்லாவிட்டால் பதுளைக் கடைகளில் வியாபாரமும் இல்லை.

அடுத்த புள்ளி எந்த இலையில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அது விழும்போது, பார்க்கத் தெரிந்த ஒருவர் பதுளையிலேயே இருக்க வேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுப்பீர்களா?